விலை ஏறிய வீடும் கூரை ஏறிய பேயும்

கர்ர்ர்... டொக்! கர்ர்ர்... டொக்!

இருட்டிய பிறகு பின்கட்டின் தகரக் கூரைமேல் கேட்ட அந்தச் சத்தத்தில், அங்கே குடியிருந்த தையல்காரரின் கைக்குழந்தை வீரிட்டது. மூன்று நாளாக இதே கூத்து.

"பேயாத்தான் இருக்கும்," என்றார் வீட்டுக்காரர் மறுநாள் காலையில், முகத்தில் அப்பாவித்தனம் வழிய. "எவ்வளவு கெஞ்சினாலும் கதவைத் திறந்துடாதீங்க தம்பி. தெரிஞ்சவங்க குரல்லயே கூப்பிடுமாம். ஏன், என் குரல்லகூடக் கூப்பிடும்! பேசாம வேற வீடு பார்த்துடுங்க."

பேய் வேறு யாருமில்லை. சைக்கிள் சங்கிலியில் அரைச் செங்கல்லைக் கட்டி இழுத்த அவரேதான். தெருமுனையில் ரயில் நிலையம் வரப்போகிறதாம். மனை விலை குரங்காய்த் தாவிவிட்டது. பின்கட்டு காலியானால் கேட்ட விலை என்று தரகர் வேறு ஆசை காட்டியிருந்தார்.

"பச்சைக் குழந்தையோட எங்கங்க போவாங்க?" என்றாள் அவர் மனைவி. "இந்தப் பக்கம் ஒரு மாடிப்படி அடியைக்கூட அவங்களால வாடகைக்கு எடுக்க முடியாது."

"விலையை நானா ஏத்தினேன்?"

"அது தானா ஏறிச்சு. நீங்க ஏன் கூடவே ஏறுறீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது.

சாயங்காலம் தரகர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பேய் வீடாமே சார்? வாங்க வந்த பார்ட்டி வேண்டாம்னுட்டாரு. பாதி விலைக்கு வேணா கேட்டுப் பார்க்கட்டா?"

"பேயாவது, பிசாசாவது! எவன் சொன்னான்?"

"நான்தாங்க," என்றாள் மனைவி, வெகு பணிவாக. "நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்? பேய் இல்லேன்னா, கூரை மேல யாருங்க?"

தரகர் அவரைப் பார்த்தார். கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்ற தையல்காரரும் பார்த்தார்.

வாயைத் திறந்தால் மானம் கப்பலேறும். மூடினால் விலை பாதாளத்துக்கு இறங்கும்.

"பே... பேய்தான்," என்றார்.

"அப்போ வாடகையைக் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா சார்? பேயோட பங்கு போட்டுல்ல குடியிருக்கோம்!"

"நியாயந்தானே," என்றாள் மனைவி.

இருட்டியதும், கூரைமேல் கிடந்த சங்கிலியை எடுத்து ஒளித்துவிடலாம் என்று பூனைபோல் ஏறினார். இறங்கி வந்தால் வாசல் கதவு உள்ளே பூட்டியிருந்தது.

"ஏய், நான்தான்டி! திற!"

உள்ளே வளையல் சத்தம் கதவருகே வந்தது.

"அடேயப்பா! அப்படியே எங்க வீட்டுக்காரர் குரல்!" என்றாள் அவள், பின்கட்டுக்கும் கேட்கும்படி.

கர்ர்ர்... டொக்!

இந்தத் தடவை அது உள்தாழ்ப்பாள்.