மூட்டை அக்கா உட்கார்ந்த படகுகள்

சென்னையில் தண்ணீருக்கு அவ்வளவு பயந்த பெண்மணியும் கிடையாது, தண்ணீர் மேல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த பெண்மணியும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான். எங்கள் தெருவில் அவருக்கு மூட்டை அக்கா என்று பெயர்.

எங்கள் தெரு பட்டினப்பாக்கத்தைத் தாண்டி, அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், இப்போது இல்லை. தெருக்கோடியில் ஒரு படகு ஷெட். கப்பல் கட்டும் தளம் என்று முதலாளி போர்டு வைத்திருந்தார். கட்டியது என்னவோ முப்பதடி ஃபைபர் படகுகள்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், நாங்கள் கப்பல் கட்டுகிறார் என்றுதான் சொல்வோம். மயிலாப்பூரில் எங்களுக்கு வாய்த்த புது டீச்சர் ஒருவர், வரிசையாக எழுந்த எட்டுப் பிள்ளைகளின் அப்பாவும் கப்பல் கட்டுவதைக் கேட்டுவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கணக்குப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

வகுப்பில் எங்கள் பக்கத்தில் உட்கார யாருக்கும் பிரியமில்லை. ஃபைபர் தூள் அப்பாக்களின் சட்டையிலிருந்து அம்மாக்களின் புடவைக்கும், அங்கிருந்து எங்கள் யூனிஃபார்முக்கும் வந்துவிடும். நாள் முழுக்கச் சொறிந்துகொண்டிருப்போம். அரிப்புத் தெரு என்று எங்களுக்குப் பட்டம். ஷெட்டில் நீலப் படகு செய்கிற மாதம் தெரு முழுக்க நீலமாகும், மிச்சமான பெயிண்டை யார் விடுவார்கள்? எங்கள் வீட்டுக் கதவில் ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் ஆரஞ்சு. பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட ஃபைபரில்தான் வீடு. மழைக்கு ஒழுகாத ஒரே வீடு தெருவில் அதுதான்.

அச்சு செய்கிறவர்கள் உருது பேசும் பாய்மார்கள். அச்சுக்குள் ரெசினை ஊற்றி, மேட் என்று சொல்லும் கண்ணாடி நார் விரிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைப்பவர்கள் எங்களைப் போல மாதா கோயில் குடும்பங்கள். படகை வாங்குகிறவர்கள் குப்பத்து மீனவர்கள். அச்சிலிருந்து வந்த படகை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவது பெண்கள் வேலை. நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் கேக்கும் எங்களுக்கு ரெசின் வாசனையோடுதான் பழக்கம். முதல்முறை வெளியூரில் கேக் சாப்பிட்டபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது எனக்கு.

மூட்டை அக்கா உப்புத்தாள் தேய்க்கத்தான் வந்தார். நல்ல கனத்த உடம்பு. அவர் பெஞ்சில் உட்கார்ந்தால் மறுகோடியில் இருப்பவர் மரியாதையாக எழுந்துகொள்வார். அந்தக் காலத்தில் புதுப் படகு முடிந்ததும் முகத்துவாரத்து அமைதியான தண்ணீரில் இறக்கி, மணல் மூட்டைகளை அடுக்கி, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒருநாள் அக்கா விறுவிறு என்று போய், அடுக்கிய மூட்டைகளில் பாதியைக் கரையில் தள்ளச் சொல்லிவிட்டு, தாமே ஏறி உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி பதறிப்போய் என்ன இது என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் தெருவில் வெகுநாள் உலவியது.

"மணலுக்கு இன்னா தெரியும் நைனா? நனைஞ்சாலும் வாய தொறந்து சொல்லாது. நான் சொல்லுவேன்."

அன்று வந்த பெயர்தான் மூட்டை அக்கா.

அதிலிருந்து எந்தப் படகும் அவர் ஒரு மணி நேரம் உட்காராமல் ஷெட்டை விட்டுப் போனதில்லை. அதற்கென்று ஒரு புடவை வைத்திருந்தார். வெளிறிய சந்தன நிறம், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். குளித்து, பூ வைத்து, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி வருவார். நீச்சல் தெரியாது. இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை கரையில் அடித்த முளையில். படகில் கால் வைத்த நிமிஷம் கண்ணை இறுக மூடிக்கொள்வார். சின்ன அலை வந்தாலும் மாதாவே என்பார். பெரிய அலை வந்தால், அது எந்த மீன்காரனின் படகு கிளப்பிய அலையோ, அவன் குடும்பத்தையே கூப்பிடுவார்.

ஒருமுறை முளை பிடுங்கிக்கொண்டது. படகு மெல்ல நகர்ந்து ஐம்பது அடி போய்விட்டது. பின்னாலேயே நீந்திப்போன இரண்டு பேர் அதைப் பிடித்து இழுத்து வருவதற்குள் அக்கா சாந்தோம் மாதாவுக்கு மெழுகுவத்தி, வேளாங்கண்ணிக்கு நடை, முண்டகக்கண்ணி அம்மனுக்குக் கூழ், பாய்மார்கள் போகிற தர்காவுக்குச் சர்க்கரை என்று உரத்த குரலில் நேர்ந்துகொண்டிருந்தார். கரையில் இருந்த அத்தனை பேரும் சாட்சி என்பதால் எதிலிருந்தும் தப்ப முடியவில்லை. எல்லாவற்றையும் செலுத்தி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. ஆனாலும் அடுத்த படகிலும் உட்கார்ந்தார், இரண்டு முளையோடு.

இவ்வளவு பயந்தவர் எதற்காக உட்கார்ந்தார் என்று கேட்பீர்கள். அவர் சொன்னதில்லை, அம்மாதான் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் மீன்பிடிக்கிறவர். வேறு எங்கோ கட்டிய புதுப் படகில், வாங்கிய ஒரு வாரத்துக்குள், கடலுக்குப் போனார். அடியில் ஓட்டை இருந்திருக்கிறது. நான்காம் நாள் பாலவாக்கம் கரையில் ஒதுங்கினார். காரியமெல்லாம் முடிந்த கையோடு அக்கா எங்கள் ஷெட்டுக்கு வந்து வேலை கேட்டிருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாங்கள், இதைக் கேட்ட பிறகும் சிரித்தோம். ஆனால் முன்பு மாதிரி இல்லை.

பிறகு சுனாமி வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் இடுப்பளவோடு நின்றது. குப்பத்தில் அப்படி நிற்கவில்லை. செத்தவர்களைப் புதைத்து முடிப்பதற்குள் படகுகளுக்கு ஆர்டர் வந்துவிட்டது. எங்கிருந்தெல்லாமோ நல்ல மனிதர்கள் மீனவர்களுக்குப் படகு வாங்கிக் கொடுக்க முன்வந்தார்கள். மாதத்துக்கு மூன்று படகு கட்டிய ஷெட்டில் வாரத்துக்கு ஏழு கட்டினார்கள். தண்ணீரில் இறக்கிப் பார்க்க நேரமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில், மணலில் நிறுத்தி வைத்திருக்கும் படகுகளில் ஏறி, தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பார். அடியில் விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். தண்ணீரே இல்லாத படகில் என்ன தெரியும் என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

என் அப்பா மேட் அடிக்கிறவர். அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா வந்தார். வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"எத்தினி மேட்டு நைனா?" என்று கேட்டார்.

அப்பா நாலு என்றார்.

அக்கா அதே குரலில் இன்னொரு முறை கேட்டார். "எத்தினி மேட்டு?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூணு என்றார். முதலாளி சொன்னார் என்றார். மூன்று மேட்டிலும் படகு மிதக்கும் என்றார். மிதக்கும்தான். ஆனால் அவசரத்தில் ரெசின் ஊறாத இடங்களில் ஊசிமுனைத் துளைகள் நிற்கும், நாலாவது மேட் விழுந்தால்தான் அவை அடைபடும். இதை அப்பா அக்காவுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா திட்டவில்லை. எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு படக கட்னவனும், அன்னிக்கி இதே மாரி ஒக்காந்து சோறு துன்னுக்கினுதான் இருந்திருப்பான்," என்றார். போய்விட்டார்.

அப்பா அன்று சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்தார்.

படகுகளைக் கொடுக்கிற விழா அடுத்த வாரம். ஷாமியானா, மாலை, நாற்காலி, மைக். முதல் படகை முகத்துவாரத்தில் மிதக்கவிட்டு, வாழைக்கன்று கட்டி வைத்திருந்தார்கள். விருந்தினர்கள் வந்து உட்காரும் நேரத்தில், சந்தனப் புடவையில், பூ வைத்துக்கொண்டு அக்கா வந்தார். முழங்கால் தண்ணீரில் நடந்து போகவேண்டியிருந்ததால் புடவையை நன்றாகத் தூக்கிச் செருகியிருந்தார். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இடுப்பில் கயிறு இல்லை.

முதலாளி சமாளித்துக்கொண்டு, ராசியான அம்மா, முதலில் அவர் உட்காருவது எங்கள் வழக்கம் என்று விருந்தினர்களிடம் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒருவர் பேசினார், இன்னொருவர் பேசினார். அக்கா இறங்கவில்லை. முதலாளி சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டு பேரை அனுப்பினார். போன இருவருக்கும் அவரைத் தூக்கும் தெம்பு இல்லை.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனதும் அக்கா கண்ணைத் திறந்தார். படகில் அவர் எழுந்து நின்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு, படகு ஆட, எழுந்தார். மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். புடவையின் பின்பக்கம் இடுப்புவரை கறுத்திருந்தது.

ஷாமியானாவில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முன்வரிசை மீனவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒக்காந்தேன். நனைஞ்சிட்டேன். அவ்ளோதான்," என்றார் அக்கா.

முதலாளி, ஏறும்போது பட்ட ஈரம் என்றார். அக்கா பார்த்தது என் அப்பாவை. அப்பா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். அங்கிருந்து முன்னால் வர அவருக்கு நெடுநேரம் ஆன மாதிரி எனக்கு நினைவு.

"மூணு மேட்டுதாங்க," என்றார். "எல்லாத்துலயும் மூணுதான். அடிச்சது நான்தான்."

மீனவர்கள் அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள். நாலாவது மேட் விழாமல் ஒரு படகையும் தொடமாட்டோம் என்றார்கள். கொடுக்க வந்தவர்களும் அவர்கள் பக்கம் நின்றதால் முதலாளிக்கு வழியில்லை. எல்லாப் படகும் மறுபடி ஷெட்டுக்குள் போய்ச் சரியாகி வந்தது. அவற்றில் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், ஒவ்வொரு நாளும் வந்தார்கள். அதனால் அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

அப்பாவுக்கும் அக்காவுக்கும் அன்றோடு வேலை போயிற்று. அக்கா கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தார். அப்பா மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஓட்டை அடைக்கிறவரானார். மயிலாப்பூரிலிருந்து கே.கே. நகர் வரை சைக்கிளில் போய் மாடி மாடியாக ஏறினார். அம்மா அக்காவோடு பேச்சை நிறுத்தினார். "எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சாளே. எங்க வவுத்த நெனச்சாளா?" என்று அன்று ஒருமுறைதான் சொன்னார். அதன்பின் அவர் பெயரைக்கூட எடுக்கவில்லை.

கடலோரம் இருப்பது ஆபத்து என்று சொல்லி, பல வருஷம் கழித்து எங்கள் தெருவைக் காலி செய்து, பெரும்பாக்கத்தில் ஏரியோரம் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே பிளாக்கில் எங்களுக்கு மூன்றாம் மாடி, அக்காவுக்கு நேர் மேலே எட்டாம் மாடி. லிஃப்ட் ஓடுகிற நாள் குறைவு. அக்காவுக்கு முட்டி போய்விட்டிருந்தது. வாரம் ஒருமுறை இறங்கியவர் மாதம் ஒருமுறை இறங்கினார். பிறகு இறங்குவதையே விட்டுவிட்டார்.

அப்போதும் அம்மா பேசவில்லை. ஆனால் தினம் ஒரு டப்பாவில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறுவார். அக்கா வீட்டு வாசலில் வைத்து, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அக்கா திறப்பதற்குள் இறங்கிவிடுவார். சாயங்காலம் கழுவின டப்பா ஒரு கூடையில், கயிற்றில், எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்து ஆடும். குழம்பில் உப்பு குறைந்திருந்தால் கூடையில் ஒரு பிடி கல்லுப்பு வரும். அம்மா முகம் சிவந்துபோய் மறுநாள் வேண்டுமென்றே உப்பைக் குறைப்பார். அன்று சாயங்காலம் இரண்டு பிடி வரும். பதினோரு வருஷம் இப்படி ஓடியது.

போன ஆடி மாதம் ஒரு காலை, அம்மா மேலே போனபோது முந்தின நாள் டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது.

தூக்கத்திலேயே போயிருந்தார். செய்தி கேட்டு நான் அடையாறிலிருந்து போய்ச் சேர்ந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. பெட்டி படிக்கட்டு வளைவில் திரும்பாது என்றார்கள். ஜமுக்காளத்தில் வைத்துத் தூக்கினார்கள். ஆறு பேரில் நாலு பேர் பழைய ஷெட் ஆட்கள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். தலைமாட்டுப் பக்கத்தை அவர் விடவில்லை. எட்டு மாடியும் ஒரு இடத்திலும் கை மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மா அவர்களுக்கு முன்னால் படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் சுவரில் தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார், அக்காவின் உடம்பு சிமெண்டில் உரசாமல்.

"மெதுவா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். "மெதுவா வாங்க. செவுத்துல இடிச்சிராதீங்க. அவங்களுக்கு வலிக்கும்."