மோட்டர்ஹோமுக்கு வொறன்ரி வாங்காமல் விட்ட விபரம்

மாதா துணை

ஹவுன்ஸ்லோ,
ஓகஸ்ட் 27.

என்றும் என் மரியாதைக்குரிய அத்தான் கிறிஸ்துராஜா அவர்களுக்கு,

மைத்துனன் சூசைப்பிள்ளை எழுதிக்கொள்வது. நானும் என் மனிசி பிலோமினாவும் கடவுள் கிருபையால் சுகம். அவளுடைய முதுகும் இந்தக் கிழமை கொஞ்சம் சொல்வழி கேட்கிறது. நீங்களும், என் அக்கா மரியமலரும், உங்கள் முழங்கால்கள் இரண்டும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். லண்டனின் ஒரு முனை ஹவுன்ஸ்லோவிலிருந்து மறு முனை செவன் கிங்ஸுக்குக் கடிதம் எழுதுகிறானே, போன் என்ன செத்தா போய்விட்டது என்று யோசிப்பீர்கள். போன் எடுத்தால் இரண்டாவது நிமிடத்தில் அக்கா அதை வாங்கிவிடுவார். பிறகு நான் என்ன சாப்பிட்டேன், அதை ஏன் சாப்பிட்டேன் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும். குறுக்கே யாரும் பேசாமல் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் பேனையை எடுத்தேன்.

நன்றி எதற்கென்றால், வொறன்ரி வாங்காதே என்று நீங்கள் சொன்னதற்கு. விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் மற்றவர்களின் பெட்டிகளைத் தூக்கிவிட்டு, ஓய்வுபெற்ற கையோடு நான் மோட்டர்ஹோம் வாங்கியபோது எங்கள் சனம் முழுக்கச் சிரித்தது. இருக்கிற வீடு காணாதென்று சில்லுப் பூட்டிய வீடு வேறு வாங்கிவிட்டான் என்றார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. ஏனென்றால் காரணம் உங்களுக்குத் தெரியும். முதுகில் ஒப்பிறேசனுக்குப் போன அன்று, திரும்ப நடந்தேன் என்றால் பிரான்சில் லூர்துக்கு வந்து மெழுகுதிரி கொளுத்துவேன் என்று பிலோமினா மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். நடந்தாள். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதிரையில் இருக்க ஏலாது, படுத்தே ஆகவேண்டும். எங்கள் கோயில் பங்கில் இருந்து வருடா வருடம் போகிற பஸ்ஸில் ஒரு நாள் முழுக்க எப்படி இருப்பது? மூன்று வருடமாக ஒவ்வொரு ஓகஸ்டும் அவள் கட்லெட் பொரித்து, ஈயத்தாளில் சுற்றி, போகிறவர்களின் கையில் கொடுத்து, கோயில் வாசலில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டு வருவாள். வந்து பொரித்த சட்டியைக் கழுவுவாள். மூன்றாவது வருடம் கழுவிய சட்டியையே திரும்ப எடுத்துக் கழுவிக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அடுத்த கிழமையே கட்டில் உள்ள வாகனம் தேடத் தொடங்கிவிட்டேன். தேடியதில் பிடித்த ஒன்று கிடைத்தது இந்த மே மாதம்.

பதினொரு வயது வாகனம். கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கக்கூஸ் எல்லாம் உண்டு. விற்றவர் நல்ல மனிதர், வாகனத்தின் திறப்பைக் கையில் தருமுன் தேத்தண்ணி தந்தார். தேத்தண்ணி அரைவாசி குறைந்த நேரம் பார்த்துப் பத்திரத்தை எடுத்தார். முதல் மூன்று மாதம் பழுது வந்தால் தாங்கள் பார்ப்பார்களாம். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு காசு கட்டினால் நீட்டித்த வொறன்ரி, அதாவது பழுதுக்கு உத்தரவாதம், ஒன்று இருக்கிறதாம், வேண்டுமானால் முப்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். பம்ப் போனால் என்ன செய்வீர்கள், ஹீற்றர் போனால் என்ன செய்வீர்கள், கூரை ஒழுகினால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கக் கேட்க, வாங்க வந்தபோது சிங்கம்போல நின்ற வாகனம் தேத்தண்ணி முடிவதற்குள் படுத்த படுக்கையாகிவிட்டது. நான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்ததே ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருவது போலத்தான்.

வந்ததும் ஆளாளிடம் கேட்டேன். மகன் ஜெரோசன், அப்பா அது உங்கட விருப்பம் என்றான். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் தகப்பனைக் கைகழுவுகிற மரியாதையான முறை அதுதான். செபக்குழுத் தலைவர் பஸ்தியாம்பிள்ளை அண்ணை, பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு வாகனத்தை மந்திரித்தால் போதும், அதற்கு மேல் வொறன்ரி வாங்குவது புனிதர்களைச் சந்தேகப்படுகிற வேலை என்றார். காப்புறுதிக் கந்தோரில் இருபது வருடம் இருந்த நீங்கள் ஒருவர்தான் வழி சொன்னீர்கள். "தம்பி, என்ன செய்வம் எண்டு அவங்கள் எழுதினதை வாசியாதை. என்ன செய்யமாட்டம் எண்டு எழுதினதை வாசி. வாசிச்சாப் பிறகு நீ வாங்கமாட்டாய்." அந்தச் சொல்லை நான் துண்டில் எழுதிப் பேர்சில் வைத்தேன். ஆனாலும் உடனே வாசிக்கவில்லை. சுவாமியை முதலில் கூப்பிட்டேன். அங்கேதான் பிழை நடந்தது.

சுவாமி ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தார். இளம் ஆள், அதற்குப் பிறகு வேறு இரண்டு வீடுகளுக்கும் போகவேண்டியிருந்தது. சாரதி ஆசனத்துக்கு மூன்று துளி, அடுப்புக்கு இரண்டு, கட்டிலுக்கு ஒன்று என்று தீர்த்தம் தெளித்துவிட்டு, வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பிலோமினாவுக்கு அது திருப்தியில்லை. வாகனத்தின் வாசற்கதவுக்கு மேலே ஒரு பெட்டி இருக்கிறது. லைற், தண்ணி, ஹீற்றர், ஏறுகிற படி எல்லாவற்றையும் இயக்குவது அதுதான். சுவாமி அதைத் திரும்பியும் பார்க்கவில்லையாம். மூளைக்குப் படாத தீர்த்தம் மற்ற இடமெல்லாம் பட்டு என்ன பிரயோசனம் என்று சொல்லி, பத்து வருடத்துக்கு முன் லூர்திலிருந்து கொண்டுவந்து அலுமாரியில் வைத்திருந்த, மாதா உருவத்தில் செய்த தீர்த்தப் போத்தலை எடுத்து, நான் வடைத் தட்டைக் கழுவுகிற நேரம், அந்தப் பெட்டியின் தலையில் அப்படியே கவிழ்த்துவிட்டாள். முக்கால் போத்தல், அத்தான். மருந்தென்றாலும் செபமென்றாலும் குறையக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை.

ஞாயிறு காலை நான் யன்னலால் பார்க்கிறேன், வாகனத்தின் படி தானாக வெளியே வருகிறது. கொஞ்ச நேரம் நிற்கிறது. உள்ளே போகிறது. திரும்ப வருகிறது. நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்கார அம்மா, தன்னை ஏற்றத்தான் படி இறக்குகிறார்கள் என்று நினைத்து, நன்றி சொல்லி, தான் நடந்தே போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். பூசை முடிந்து வந்த பஸ்தியாம்பிள்ளை அண்ணை அதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். இது பழுதில்லை சூசை, மாதா உங்களை ஏறச்சொல்லிக் கூப்பிடுகிறா என்றார். எனக்கு விசர் பிடித்துவிடும் போலிருந்தது. பின்னேரம் செபக்குழு பதினான்கு பேர் எங்கள் நடைபாதையில் நின்று செபமாலை சொன்னார்கள். படி வெளியே வரும்போதெல்லாம் சத்தம் கொஞ்சம் கூடியது. ஒரு மனிசி படியில் மெழுகுதிரி வைக்கப் பார்த்தது, நல்ல காலத்துக்குப் படி உள்ளே போய்விட்டது. செபமாலையின் நாலாம் காரணிக்கத்தில், நாலாவது பத்து மணி சொல்லும்போது, பற்றறி செத்து, படி பாதியில் நின்றது. அதற்கும் பஸ்தியாம்பிள்ளை அண்ணையிடம் ஒரு விளக்கம் இருந்தது.

திங்கட்கிழமை விற்ற இடத்துக்குப் போன் பண்ணினேன். போனை எடுத்த பிள்ளை பொறுமையானவள். பெட்டிக்குள் ஏதும் திரவம் போனதா என்று கேட்டாள். நற்கருணை வாங்கிய வாயால் பொய் சொல்ல ஏலுமா, ஓம் என்றேன். சீனி போட்ட குடிபானமா என்றாள். இல்லை, லூர்துத் தண்ணி என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னாள், கூட்டினேன். தவறுதலாகப் பட்டதா, வேண்டுமென்று ஊற்றியதா என்றாள். வேண்டுமென்றுதான், ஆனால் பக்தியோடு என்றேன். அவளுடைய படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லையாம். தண்ணி பட்டதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று மிகவும் மனவருத்தத்தோடு சொன்னாள். அவளிலும் எனக்குக் கோபமில்லை.

பக்கத்து வீட்டு வைத்தியநாதன்தான் காப்பாற்றினார். திருச்சிக்காரர், எஞ்சினியர். மனைவியின் தலைமுடி காய வைக்கிற மெசினையும் ஒரு திருப்புளியையும் கொண்டுவந்து பெட்டியைக் கழற்றினார், துடைத்தார், காய வைத்தார், பற்றறியையும் சார்ஜ் போட்டுத் தந்தார். ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. போகும்போது மட்டும், "நாங்க வண்டி வாங்கினா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைப்போம் சார். அது பாட்டுக்குத் தரையிலேயே நசுங்கிடும், எலக்ட்ரிக் பக்கமே போகாது," என்றார். பிலோமினா அவருக்கு நண்டுக்கறி அனுப்பினாள். அவர் சைவம். கறியை ஜெரோசன் சாப்பிட்டான், அவருக்குப் பருப்புவடை போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் உங்கள் சொல்லை மதித்துப் பத்திரத்தை விரித்தேன். வாகனத்துக்குள்ளேயே சின்ன மேசையில் இருந்து நான் வாசிக்க, பின்னால் கட்டிலில் படுத்திருந்தபடி அவள் கேட்டாள். ரயர் இல்லை. மெத்தை இல்லை. தேய்ந்தது இல்லை, துருப்பிடித்தது இல்லை, தண்ணி பட்டது இல்லவே இல்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், வொறன்ரி தொடங்கி மூன்று மாதம் போகும்வரை வெளிநாட்டில் நடப்பது எதற்கும் பொறுப்பில்லை என்று இருந்தது. அதாவது இந்த ஓகஸ்டுக்கு அது உதவாது. என் மனம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அப்படியென்றால் வொறன்ரியை வாங்கிக்கொண்டு, லூர்தை வாற வருடத்துக்குத் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்டேன். பிரான்சில் நடு றோட்டில் வாகனம் நின்றால், இந்த முதுகோடு அவளை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன் என்ற பயம் எனக்கு. நித்திரையோ என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாகனத்துக்கு மூண்டு வருசம் சொல்லுறாங்கள். எனக்கு ஆர் சொன்னது? இந்த ஓகஸ்டிலை எனக்கு ஒரு கிழமை கிடைச்சாலே காணும்."

பத்திரத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டேன். வாங்கவில்லை. முப்பதாவது நாள் போனபோது எனக்குக் காய்ச்சல் குணம்கூடக் கண்டது, ஆனாலும் வாங்கவில்லை.

ஓகஸ்ட் பத்தாம் திகதி புறப்பட்டோம். கப்பலுக்குள் ஏற்றும்போது ஒரு பக்கக் கண்ணாடி கழன்றது, ஒட்டுகிற ரேப் சுற்றினேன். பிரான்சில் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பாதிச் சத்தம் அலுமாரிக்குள் கிடந்த இடியப்பத் தட்டுகள். லிமோஜ் என்ற ஊருக்கு அருகில் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட, நாலு நாளுக்கென்று கொண்டுபோன மீன்குழம்பையும் இறைச்சிக் கறியையும் ஒரே பின்னேரத்தில், இரவு தங்கிய முகாமில், பக்கத்து வாகனத்துப் பிரெஞ்சுக் குடும்பத்தோடு சேர்ந்து முடித்தோம். அந்த மனிதர் வியர்த்து வியர்த்து மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். பிலோமினா பின்னால் படுத்தபடி அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எங்கே நிற்கிறோம் என்று கேட்பாள். நான் ஊரின் பெயரைச் சொல்வேன். சரி என்பாள். ஒருநாளும் எங்களுக்குள் அவ்வளவு சமாதானமாய் இருந்ததில்லை.

மாதா பெருவிழாவன்று, அவ காட்சி கொடுத்த கெபிக் குகைக்குப் போனோம். கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். தடியும் வேண்டாம் என்றாள். அவ்வளவு தூரமும் தானே நடந்துபோய்த் தன் கையால் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாள். நான் பின்னால் நின்று அழுதேன், அத்தான். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. எங்கள் பங்கின் பஸ்ஸில் வந்தவர்களும் அங்கே நின்றார்கள், இந்த முறை அவர்கள்தான் அவளுக்குக் கை காட்டினார்கள்.

நீங்கள் மட்டும் வேண்டாம் என்று சொல்லாதிருந்தால் நான் வொறன்ரியை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, வாகனத்தை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருப்பேன், அவள் இந்த வருடமும் சட்டி கழுவியிருப்பாள். அந்தக் கடனை நான் எந்தக் காலத்திலும் தீர்க்க மாட்டேன். லூர்திலிருந்து உங்களுக்கும் அக்காவுக்கும் தீர்த்தம் கொண்டுவந்திருக்கிறோம். தயவுசெய்து மின்சாரச் சாமான்களுக்குக் கிட்டே வைக்கவேண்டாம். உங்கள் இருவருக்கும் மாதா நீண்ட ஆயுளையும் மடங்குகிற முழங்கால்களையும் தரட்டும். எங்களுக்கும் உங்கள் ஆசீர் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்டு நடக்கும் மைத்துனன்,
சூசைப்பிள்ளை

பி.கு.: உறைக்குள் வைக்குமுன் தானும் இரண்டு வரி எழுதவேண்டும் என்று பிலோமினா கடிதத்தை வாங்கினாள். எழுதவில்லை. முழுக்க வாசித்துவிட்டு எழும்பிப்போய், தன் செபப்புத்தகத்துக்குள் இருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூன்று வருட வொறன்ரி. முப்பதாவது நாள், நான் ஹீத்ரோவுக்கு ஜெரோசனை ஏற்றப் போன நேரம், தன் தையல் காசில் போனிலேயே வாங்கியிருக்கிறாள். தண்ணி ஊற்றியதையும் ஒளிக்காமல் சொன்னாளாம். அதனால் அந்தப் பெட்டிக்கு மட்டும் வொறன்ரி இல்லை என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். அதை மாதா பார்ப்பாவாம், மிச்சத்தை அவர்கள் பார்க்கட்டுமாம். ஒரு கிழமை காணும் என்று சொன்ன மனிசிக்கு மூன்று வருடம் எதற்கு என்று கேட்டேன்.

"வாற வருசமும் போகவேணுமெல்லே," என்றாள்.

யாரிடம் கேட்டு வாங்கினாய் என்றேன். உங்களைச் சொன்னாள், அத்தான். "வாங்கு பிள்ளை, ஆனா அவனுக்குச் சொல்லாதை. பயந்தாங்கொள்ளி. அது கையிலை இருக்குதெண்டு தெரிஞ்சா, வெளிநாட்டிலை அது செல்லுபடியாக மூண்டு மாசம் கழியுமட்டும் வாகனத்தை வெளியிலை எடுக்கமாட்டான்," என்று சொன்னீர்களாம். என்னிடம் ஒரு கதை, அவளிடம் ஒரு கதை. உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும் என்றுதான் இந்தத் தாளைத் திரும்ப விரித்தேன், ஆனால் நீங்கள் சொன்னதில் பிழை பிடிக்க ஏலாமல் இருக்கிறது. இவ்வளவையும் திருப்பி எழுதவும் அலுப்பும் பஞ்சியுமாக இருக்கிறது. ஆகையால் மேலே வாங்கவில்லை என்று வருகிற இடமெல்லாம் வாங்கியாயிற்று என்று வாசித்துக்கொள்ளுங்கள். நன்றியை மட்டும் மாற்றவேண்டாம், அது எழுதியபடியே இருக்கட்டும்.