மூன்று ஆய்வாளர்களிடம் வாய் திறந்த வினை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மருமகன் நிதுர்ஷனுக்கு,

நீயும் பெண்சாதி பிள்ளைகளும் கொழும்பில் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை நிற்பாராக. நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உன் மாமி கண்ணகை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மகள் வதனியின் கலியாணம் தாய்மாமன் இல்லாமல் நடக்கும் போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாமியின் கண்ணில் படும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

"மாமா, எங்கட பல்கலைக்கழகத்து ஆக்கள் மூண்டு பேர் சூறாவளியப் பத்தி ஆராய வாறாங்க, கொஞ்சம் கதைங்க" என்று கேட்டவன் நீ. பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆகவே கதைத்தேன். ஆனால் மூன்று பேருக்கும் மூன்று சட்டம் என்று நீ சொல்லவில்லையே!

முதலில் வந்தது மானிடவியல் அஜந்தா. கதவைச் சாத்திவிட்டு, "ஐயா, நீங்க சொல்றது நமக்குள்ளதான். ஒங்கட பேர், ஊர் ஒண்டும் வெளிய வராது" என்றாள். அந்தத் துணிவில்தான் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியைச் சொன்னேன். உன் மாமியின் அண்ணன் கதிர்காமத்தம்பி, அன்று கிழவன் கிழவிகளைத் தோளில் சுமந்து வெள்ளத்தைத் தாண்டியதாகக் கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றிலும் சொல்லித் திரிகிறாரே, உண்மையில் அவர் புயல் ஓயும்வரை கோயில் மடத்தில் கவிழ்த்து வைத்த சோற்றுக் கிடாரத்துக்குள் இருந்தார். நாங்கள் தட்டிக் கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

அந்தப் பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அளவுக்கு மிஞ்சிக் காப்பாற்றியது. கட்டுரையில் என்னை வாழைச்சேனைப் பக்கத்தில் மீன் விற்கும் விதவையாக மாற்றிவிட்டது. சந்தையில் எதிர்ப்பட்டு "சுகமா பிள்ளை?" என்று கேட்டால், முன்பின் தெரியாத ஆளைப்போல முருங்கைக்காயைப் பார்க்கிறது. பின்னால் போய்க் கேட்டதற்கு, "ஒங்களத் தெரியும் எண்டு காட்டினாலே எங்கட நெறிமுறைக்குப் பிழை ஐயா" என்று உதட்டை அசைக்காமல் சொல்லிவிட்டு நடந்தது. மரக்கறிக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

அடுத்தது உளவியல் இன்ஷிரா. ஞாபகசக்திப் பரிசோதனை என்று சொல்லி இருத்தினாள். நான் சொன்ன விடைக்கெல்லாம் "அபாரம் ஐயா!" என்றாள். குசினிக்குப் போய் மாமியிடம் பெருமையடித்துவிட்டுத் திரும்பினால், "மன்னிக்கணும் ஐயா, ஞாபகசக்திய நான் பாக்கல்ல. பிழையான விடையப் புகழ்ந்தா ஆக்கள் எவ்வளவுக்கு நம்புறாங்க எண்டுதான் பாத்த" என்கிறாள்.

"அப்ப நீ சொன்னதெல்லாம் பொய்யா மகள்?"

"ஓம் ஐயா. எங்கட துறையில தேவைப்பட்டாப் பொய் சொல்லலாம். முடிஞ்ச உடன உண்மையச் சொல்லிப்போடணும். அனுமதி எடுத்துத்தான் சொன்ன."

பொய் சொல்ல அனுமதி கொடுக்கும் கந்தோர் எங்கே இருக்கிறது என்று விசாரித்து எழுது.

கடைசியாக வரலாற்று ஷிஹான், காத்தான்குடிப் பிள்ளை, நல்ல மரியாதை. அஜந்தாவின் சட்டம்தான் எல்லோருக்கும் என்று நினைத்து அவனிடமும் அதே கதையைச் சொன்னேன், நீட்டிய தாளில் கையெழுத்தும் வைத்தேன். புத்தகம் வந்தது. கதிர்காமத்தம்பி, தகப்பன் பெயர், ஊர், கிடாரம் எல்லாம் அச்சில். கீழே, தகவல்: அழகரத்தினம், கல்லடி. யாரோ ஒரு புண்ணியவான் அதை மச்சானின் ஊரான களுதாவளைக்குக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டான். தொலைபேசியில் கத்தினார்: "எண்ட பேர எடுக்காட்டி உண்ட மகள்ர கலியாணத்துக்கு நான் வரமாட்டன், கண்டியா!"

மூவரையும் வீட்டுக்கு அழைத்தேன். பெயரை எடுக்கச் சொன்னேன். "பேரில்லாத சாட்சிய ஆரு ஐயா நம்புவாங்க? மறைச்சா அது வரலாற்றுக்குச் செய்யிற துரோகம்" என்றான் ஷிஹான். "உயிரோட இருக்கிற மனிசன்ர மானத்த அச்சில ஏத்தினதுதான் துரோகம்" என்று பாய்ந்தாள் அஜந்தா. "ஆம்பிளையப் பொம்பிளையா எழுதின நீங்க கதைக்கிறீங்க!" என்றான் அவன். இன்ஷிரா நடுவில் வந்து, "பேர எடுத்தாச்சு எண்டு இப்ப சொல்லுவம். கலியாணம் முடிய உண்மையச் சொல்லுவம்" என்றாள். அப்போது மட்டும் மற்ற இருவரும் ஒற்றுமையாக அவள்மேல் விழுந்தார்கள்.

மாமி தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்கு மட்டும் இல்லை. என்னைப் பார்க்காமல் அவர்களிடம் சொன்னாள்: "அண்ணன் அந்தக் கதைய வச்சுத்தான் இவ்வளவு காலமும் தலை நிமிந்து நடந்தவன். அது பொய் எண்டு எனக்கும் தெரியும். நான் ஆருக்கும் சொல்லல்ல."

மூவரும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்கள்.

ஆகவே மருமகன், ஷிஹானின் மேலதிகாரி யாராக இருந்தாலும் காலில் விழுந்தாவது அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் செய். இனிமேல் எந்தத் துறையிலிருந்தும் ஒருவரையும் இந்தப் பக்கம் அனுப்பாதே. தாவரவியல் என்றாலும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் பெண்சாதிக்கு எங்கள் ஆசி. உனக்கும் ஆசி உண்டு, கோபம் தீர்ந்த பிறகு.

இப்படிக்கு,
உன் மாமா அழகரத்தினம்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகையில் மச்சான் ஓட்டோவில் வந்து இறங்கினார், கையில் புத்தகம். களுதாவளையில் யாரோ அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்களாம். எல்லோரும் சிரித்து முடிய, ஒரு கிழவர் எழும்பி, தான் அன்று வைக்கோலுக்குள் கிடந்ததைச் சொன்னாராம். மறுகா இன்னொருவர், நெல் மூட்டைக்குப் பின்னால். இப்படியே ஊரில் பாதிப்பேர். "இவ்வளவு காலமும் நான் மட்டுந்தான் ஒளிச்ச எண்டு நினைச்சன் மச்சான்" என்று சொல்லி மனிதர் அழுதேவிட்டார். இப்போது எங்கு போனாலும் அவரை இருத்தி வைத்துக் கதை கேட்கிறார்களாம். மாமி எனக்கும் தேத்தண்ணி தந்தாள். எனவே மேலே எழுதியவை எதையும் செய்துவிடாதே. மச்சான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "எண்ட பேர அந்தப் புத்தகத்தில இருந்து எடுத்தா, கலியாணத்துக்கு நான் வரமாட்டன்."