நகரிக் கிணற்றில் சீரகம்

நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் கரிம நுண்மாசுகளைக் கண்டறிந்து ஒழிக்கும் பொருட்டு, 1983-இல் திருப்பதியில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். அலிபிரி போகும் வழியில் வாடகைக் கட்டடம். வெளிநாட்டு இயந்திரம் ஒன்று, அதைத் துடைக்க இரண்டு பேர், அந்த இரண்டு பேரையும் மேற்பார்வை பார்க்க ஆராய்ச்சி அதிகாரி சத்தியநாதன். எல்லாம் வந்துவிட்டது, அழுக்குதான் பாக்கி.

அந்தக் குறையைத் தீர்க்க எங்கள் நகரித் தறிக்காரத் தெரு ருக்மணி முன்வந்தாள். தெருவுக்கு இருப்பதே ஒரு கிணறு. ஒரு வருஷமாக அதில் தண்ணீர் சிவப்பு. அவள் மகளுக்கு உடம்பெல்லாம் சொறி. பிள்ளை சொறிந்து சொறிந்து பாதியாகிவிட்டது. ருக்மணி ஒரு பாட்டிலில் தண்ணீரை மொண்டுகொண்டு பஸ் ஏறினாள்.

பாட்டிலைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் வாடியது.

"ஏம்மா, இது செவப்பா இருக்குதே?"

"அதுக்குத்தான் சார் எடுத்துக்கினு வந்தேன்."

"கண்ணுக்குத் தெரியற அழுக்கு எங்க இலாகாவுல வராது. தெரியாத அழுக்கா கொண்டு வா, பார்க்கிறேன்."

"தெரியாத அழுக்கு இருக்குதுன்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

"அதுக்குத்தானே நான் இருக்கேன்!"

நியாயமான பேச்சு. ருக்மணி வீட்டுக்கு வந்து, தண்ணீரை மணலிலும் அடுப்புக்கரியிலும் இரண்டு நாள் வடிகட்டினாள். பெரிய மனுஷருக்குக் கொடுக்கிற தண்ணீராயிற்றே என்று, வழக்கம்போல் ஒரு சிட்டிகை சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் கொண்டுபோனாள்.

இயந்திரம் பதினோரு நாள் ஓடியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. உலகில் எந்தக் கிணற்று நீரிலும் இதுவரை காணாத கரிமப் பொருள்! சத்தியநாதன் அதற்கு 'நகரிப் பொருள்' என்று நாமகரணம் செய்து, டில்லி மாநாட்டில் கட்டுரை வாசித்து, சால்வையோடு திரும்பினார். பிறகு, மேற்படி பொருளின் மூலத்தைத் தேடி ஜீப்பில் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார்.

"அது சீரகம் சார். நான்தான் போட்டேன்" என்றாள் ருக்மணி.

அவர் அசரவில்லை. "ஆக, மூலமும் கெடைச்சாச்சு. இனிமே கெணத்தைச் சுத்தி இருநூறு கஜத்துக்குள்ள யாரும் சீரகம் வெச்சிருக்கக் கூடாது."

"ரசத்துக்கு?"

"பரிசீலிக்கலாம்."

ருக்மணிக்குப் பொறுமை போய்விட்டது. மகளை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினாள். "சாயம் சார்! சாயத்தண்ணி கெணத்துல எறங்கிக்கினு இருக்குது! எம் பொண்ணோட கையைப் பாருங்க!"

பார்த்தார். அவரும் பிள்ளை பெற்றவர்தானே, கண் கலங்கிவிட்டது. பேனாவைத் திறந்தார்.

"எழுதறேம்மா. யார் பட்டறைச் சாயம்? பேரைச் சொல்லு, நாளைக்கே பூட்டிடறேன்."

எங்களில் ஆளுக்கொரு சாயப்பட்டறை. கிணற்றை ஒட்டினாற்போல் இருப்பது ருக்மணியின் புருஷன் நாகபூஷணத்தினுடையது. அவள் அவனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"சீரகம்னே எழுதிக்குங்க சார்" என்றாள்.

எழுதினார். அறுபத்துமூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலாவது கையெழுத்து என்னுடையது.