கடல் விமானமும் ஈரச் சுவரும்

"வியாழக்கிழமை அக்காவும் அத்தானும் வர்றாங்க. ஒரு வாரம் இருப்பாங்க. இந்தச் சின்ன ரூமை ஒழிச்சுக் குடுத்துடுங்க."

என் மனைவி இதைச் சொன்னபோது நான் மேசைமுன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கடல் விமானத்துக்கு வயசாக்கிக்கொண்டிருந்தேன். பிடித்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

விமானத்துக்கு எப்படி வயசாக்குவது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முதலில் ஒன்று. இது பொம்மை இல்லை, மாடல். இந்த வித்தியாசத்தைக் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் விளக்கிக்கொண்டிருக்கிறேன், இன்னும் விளங்கவில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மிதவைகள். தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே ஏறுகிற ஜாதி. இதை ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. புதுசாகப் பளபளத்தால் போட்டி நடுவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வருஷக்கணக்காகக் கடலில் அடிபட்ட மாதிரி தெரிய வேண்டும். அதனால் வெள்ளிப் பூச்சு அடித்து, ஈரம் தொட்டு, உப்புக்கல்லைத் தூவி, அதன்மேல் சாம்பல் நீலத்தை ஸ்ப்ரே பண்ண வேண்டும். காய்ந்தபின் உப்பைத் தட்டிவிட்டால், பெயிண்ட் உரிந்து தகரம் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். கடைசியில் துருவும் எண்ணெய்க் கசிவும். தின்னரில் கரைத்த ஆயில் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்து, மூக்கிலிருந்து வாலை நோக்கி நுனி பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. ஊரெல்லாம் அழுக்கை எடுக்கப் பாடுபடும்போது நான் ஒருவன் அழுக்கை வைக்கப் பாடுபடுகிறேன்.

இந்த ஆயில் பெயிண்ட் சனிக்கிழமை வரை காயாது. ஞாயிறு காலை போட்டி. அதுவரை யார் விரல் பட்டாலும் விமானத்தில் கைரேகை விழுந்துவிடும்.

என் சகலைக்கு விரல்கள் பத்து. பத்தும் சும்மா இருக்காது. எந்தப் பொருளையும் தொட்டு, தூக்கி, தட்டி, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டால்தான் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கும். போன தடவை வந்தவர் என் போர்க்கப்பலை எடுத்து, அதன் கொடிமரத்தால் காது குடைந்தார்.

"அவங்க ஹால்ல படுக்கட்டுமே" என்றேன்.

"அத்தானுக்கு இடுப்பு வலி. கட்டில் வேணும்."

"அப்ப ஓட்டல்ல..."

"என்னது?"

"ஓட்டமா ஓடி ரூமை ஒழிச்சுடறேன்னு சொல்ல வந்தேன்."

செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குக் கிளம்பினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டில். மேசை. மேசையில் விமானம். ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கத்தில் வெறும் சுவர். அந்த வெறும் சுவரைப் பார்த்ததும் என் மூளையில் பல்ப் எரிந்தது.

விமானத்துக்கே கடல் வாடை ஏற்றுகிறவன் ஒரு சுவருக்கு ஈரம் ஏற்றமாட்டேனா? அறையில் ஒழுகுகிறது, பூஞ்சை பிடித்திருக்கிறது என்றால் எந்த விருந்தாளி தங்குவார்?

கதவைச் சாத்தினேன். ஸ்பாஞ்சில் பழுப்பைத் தொட்டு ஜன்னல் மூலையில் ஒற்றினேன். ஓரத்துக்குக் கொஞ்சம் பச்சை. சமையலறையிலிருந்து உப்பு டப்பாவை எடுத்துவந்து, ஈரத்தில் உப்பை அப்பினேன். சுவர் பூத்த மாதிரியே இருந்தது. எந்த நிமிஷமும் கதவு திறக்கலாம். கடைசியாக நீர்த்தாரைகள். பொட்டு வை, இழு. பொட்டு வை, இழு. பழகின கை, தானாகவே ஓடியது. சுவரோடு மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று வேலை செய்ததால் முழுசாகப் பார்க்க நேரமில்லை. ஆனால் பார்த்தவரை, என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல அழுக்கை நான் வைத்ததே கிடையாது. பெருமையில் கண் கலங்கியது. தின்னர் நெடியாகவும் இருக்கலாம்.

வாசலில் சாவி திரும்பியது. இவ்வளவு சீக்கிரமா! பிரஷ்ஷைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

"ஏங்க, ஒரு விஷயம்" என்று வேகமாக வந்தவள், அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"எது? ஓ, இதுவா! இப்பதான் நானும் கவனிச்சேன். பயங்கரமா ஒழுகுது."

"மழையே பெய்யலையே."

"பைப்பா இருக்கும்."

"அந்தச் சுவர்ல பைப்பே இல்லையே."

"அதான் பயமா இருக்கு."

கிட்டே போனாள். ஒரு விரலால் உப்பைத் தொட்டாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புக் கரிக்குது."

"சுவர்னா உப்புப் பூக்கும்மா."

"பூக்கும். நம்ம சமையல் உப்பு ருசியிலயேவா பூக்கும்?"

உப்பு டப்பா என் நாற்காலியடியில் இருந்தது. காலால் மெல்ல உள்ளே தள்ளினேன். அவள் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

"மேல் வீட்டுக்காரர்தான் ஏதோ பண்ணியிருக்கார். இருங்க, போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

"வேண்டாம், வேண்டாம்!" ஓடிப்போய் வழியை மறித்தேன். "பாவம், நல்ல மனுஷன். அக்கம்பக்கத்துல எதுக்கு மனஸ்தாபம்?"

"போன வாரம் அவர் தொட்டித் தண்ணி சொட்டுனதுக்கு நீங்கதானே குதிச்சீங்க?"

"குதிச்சேன். இப்ப திருந்திட்டேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"சரி. இந்த ரூம்ல இனி யாரும் படுக்க முடியாது."

எனக்குள் மேளம் கொட்டியது. முகத்தை மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவன் போல வைத்துக்கொண்டேன். "என்ன பண்றது. அக்காகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

"எதுக்குச் சொல்லணும்? அவங்களுக்கு நம்ம பெட்ரூமைக் குடுத்துடலாம். நாம ஹால்ல படுத்துக்கலாம்."

மேளம் நின்றது.

"அப்புறம், இந்த ஈரத்துல உங்க விமானம் இருந்தா கெட்டுப்போயிடும். அதையும் பெட்ரூம்லயே வெச்சுடறேன். கண்ணாடி மேசைமேல. அத்தான் தலைமாட்டுல."

"தலைமாட்டுலயா?"

"ஆமா. பாவம், ராத்திரி தூக்கம் வரலைன்னா எடுத்துப் பார்த்துட்டு இருப்பாரு."

சொல்லிவிட்டு மேசையை நோக்கி நடந்தாள். கையை நீட்டினாள். இறக்கை இன்னும் பச்சை ஈரம். ஐந்து மாத உழைப்பு. அவள் விரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அரைச் சாண்.

"நான்தான்!" என்று கத்தினேன். "நான்தான் பண்ணேன்! சுவர்ல ஒழுகல்லாம் இல்ல. பெயிண்ட்! உப்பு நம்ம உப்புதான்! விமானத்தை விட்டுடு!"

அவள் கையை மடக்கிக்கொண்டாள். ஆச்சரியமே படவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி.

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"வாசல்ல நின்னப்பவே தெரியும். இங்க வந்து நின்னு பாருங்க."

போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல்முறையாக என் படைப்பை முழுசாகப் பார்த்தேன்.

"தண்ணி எப்படிங்க ஒழுகும்?"

"கீழ."

"உங்க தண்ணி எங்க போகுது?"

ஜன்னலில் ஆரம்பித்த அத்தனை தாரைகளும், ஒன்றுகூடத் தவறாமல், கதவை நோக்கிப் படுக்கை வசத்தில் போய்க்கொண்டிருந்தன. மூக்கிலிருந்து வாலை நோக்கி. எதிர்க்காற்றில் சீறிப் பறக்கிற ஒரு சுவர். ஒரு மிதவை மாட்டியிருந்தால் தண்ணீரில் இறக்கியிருக்கலாம்.

அசடு வழிந்தது. அது மட்டும் நேராகக் கீழே வழிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, என் பீரோவுல வெச்சுப் பூட்டியிருப்பேனே. தூசிகூடப் படாது" என்றாள். சொன்னபடியே விமானத்தை அதன் அடியில் விரித்திருந்த அட்டையோடு தூக்கி, மூச்சுக்கூட விடாமல் கொண்டுபோய் வைத்தாள். இறக்கையில் ஒரு கீறல் இல்லை. சாவி அவள் இடுப்புக்குப் போனது. "அவங்க வர்றதுக்குள்ள சுவரைச் சரி பண்ணுங்க. ஒரு சுவர் மட்டும் அடிச்சா திட்டுத் திட்டா தெரியும். நாலையும் அடிச்சுடுங்க."

கட்டிலுக்கடியிலிருந்து பெரிய வெள்ளை பெயிண்ட் டப்பா வந்தது. அது அங்கே எத்தனை காலமாக இருக்கிறது என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

புதன்கிழமை ஆபீசுக்கு லீவு. கொசுறாகக் கூரையும் என் தலையில் விழுந்தது. நுனி பிரஷ் பிடித்துப் பழகிய கை, கையகலப் பட்டை பிரஷ்ஷைப் பிடித்து மேலும் கீழும் ஏறி இறங்கியது. திசை மட்டும் தவறவில்லை. அவள் வாசலில் நின்று, "மூலையில விட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் வலது கையைத் தூக்க இடது கை தேவைப்பட்டது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. விமானம் பிழைத்துவிட்டது. சகலை வரட்டும், பீரோவைத் தட்டிப் பார்க்கட்டும், எனக்கென்ன?

வியாழக்கிழமை குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். காலை போனது. மதியமும் போனது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன். யாரும் வரவில்லை. அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"யாரு?"

"உங்க அக்காவும் அத்தானும்தான்!"

"அவங்க வரலைங்க. செவ்வாய்க்கிழமை நான் கடையில இருந்தப்பவே போன் பண்ணிட்டாங்க. அதைச் சொல்லத்தான் அவசரமா ஓடி வந்தேன். சுவரைப் பார்த்ததும் மறந்துட்டேன்."

நாற்காலியில் பொத்தென்று சரிந்தேன். அவள் கடைசித் துணியையும் மடித்து அடுக்கிவிட்டு, ஹால் சுவர்களை ஒரு சுற்று நிதானமாகப் பார்த்தாள்.

"ஏங்க, அக்காவை அடுத்த வாரம் வரச் சொல்லட்டுமா?"