'அப்புறம்' பட்டன் இல்லாத அண்டா

செஞ்சியில் பெருமைப்பட இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று கோட்டை. இன்னொன்று நான் எழுதிய 'அண்டா'. இதை நானே சொல்லிக்கொள்ளக் காரணம், வேறு யாரும் இதுவரை சொல்லவில்லை.

'அண்டா' என்பது வாடகைப் பாத்திரக் கடைகளுக்கான கம்ப்யூட்டர் புரோகிராம். ஜாவாவில் எழுதியது. எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை அண்டா போனது, எத்தனை கரண்டி திரும்பவில்லை, எல்லாம் சொல்லும். சிங்கவரம், மேல்சித்தாமூர், அவலூர்பேட்டை என்று மூன்று ஊர்க் கடைகளில் ஓடுகிறது. உலகளாவிய நிறுவனம் ஆக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

ஒரு திருத்தம் செய்தால் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, பைக்கில் போய், கடை கடையாக ஏற்றிவிட்டு வர வேண்டும். கஷ்டம்தானே என்பீர்கள். அவலூர்பேட்டைக் கடைக்கு எதிரே ஒரு ஜிலேபிக் கடை இருக்கிறது. எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. வீட்டில் என் மனைவி ஜெயக்கொடி இருக்கிறாள். இப்போது சொல்லுங்கள், அந்தப் பென் டிரைவ் எனக்கு எவ்வளவு முக்கியம்! அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டிப் பிழையை நானே அன்போடு விட்டுவைப்பேன். இந்த முறை அவலூர்பேட்டையில் மட்டும் சாம்பார் வாளி ஒன்று குறைவாகக் காட்டியது. என் கைவண்ணம்தான்.

"இன்னாங்க, மறுபடியும் அவலூர்பேட்டையா?" என்றாள் ஜெயக்கொடி.

"வாளி குறையுது. கடைக்காரர் விநாயகம் டென்ஷன்ல இருக்காரு."

"என் போன்ல எல்லாம் தானாவே புதுசாயிடுது. யாரும் பைக் எடுத்துக்கினு வர்றதில்ல."

"அது பெரிய கம்பெனி. ஆயிரம் பேரு வேலை செய்றாங்க."

"ஓ. அப்ப உங்களால முடியாதுன்னு சொல்லுங்க."

முடியாதாம்! எனக்கா? பைக் சாவியை ஆணியில் மாட்டினேன். நாலு நாள் உட்கார்ந்தேன். கடையில் 'அண்டா'வைத் திறந்ததும் அது முதலில் என் சர்வரிடம், புதுசு ஏதாவது இருக்கா என்று கேட்கும். இருந்தால் இறக்கிக்கொள்ளும். அனுப்பியது நான்தானா என்று சரிபார்க்கும். பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதாக எழுந்து நிற்கும்.

இதை ஏற்றுவதற்குக் கடைசியாக ஒருமுறை மூன்று ஊருக்கும் போனேன். வாளியைச் சரி செய்யவில்லை. அடுத்த முறைக்கு வேண்டுமே! கடைசி ஜிலேபி என்று தெரியாமல் அவசரத்தில் இரண்டே இரண்டு தின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் வீட்டிலிருந்தே ஒரு பட்டனை அமுக்கினேன். மூன்று ஊரிலும் 'அண்டா'வின் திரை மயில் பச்சைக்கு மாறியது. மூன்று கடைக்காரர்களும் போன் செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியா ஜெயக்கொடி! எந்தக் கடை, எந்தப் பதிப்பு, எத்தனை மணிக்கு, எல்லாம் இந்தப் பக்கத்துல தெரியும்." அவள் போனிலும் அதைத் திறந்து வைத்தேன். "முக்கியமா, 'அப்புறம்'னு பட்டனே வெக்கல. வெச்சா எல்லாரும் அதைத்தான் அமுக்குவாங்க. அப்டேட் வந்தா செஞ்சே ஆவணும்!"

"அடேங்கப்பா" என்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் அடேங்கப்பா.

அடுத்த வாரம் நாக்கு ஜிலேபி கேட்டது. சாவியை எடுத்தேன். எதற்குப் போகிறேன் என்று சொல்வது? வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். என் வழியை நானே அடைத்திருக்கிறேன்.

ஆனால் படைத்தவனுக்குப் பழுதாக்கவும் தெரியும். வாளித் திருத்தத்தைத் தயார் செய்தேன். அவலூர்பேட்டைக்கு மட்டும் போகாமல் நிறுத்தினேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"அவலூர்பேட்டை மட்டும் மக்கர் பண்ணுது. நேர்ல போனாத்தான் ஆவும்."

ஜெயக்கொடி போனைப் பார்த்தாள். "மக்கர் இல்லீங்க. 'அவலூர்பேட்டை: நிறுத்தம். நிறுத்தியவர்: இளையபெருமாள். காலை 9.40'னு போட்டிருந்திச்சி."

என் பெயரேதான். என்ன துல்லியம்! அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"பக்கத்துலயே 'தொடரவும்'னு இருந்திச்சி. அமுக்கிட்டேன். விநாயகம் அண்ணன் போன் பண்ணாரு. வாளி சரியாயிடுச்சாம். எதுத்தாப்புல ஜிலேபிக்காரரு விசாரிச்சாராம், சாரைக் காணோமே, ஒடம்பு கிடம்பு சரியில்லியான்னு."

"ஜிலேபியா? எந்த ஜிலேபி?"

"சட்டையில பாகு ஒட்டிக்கினு வந்தா தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? ஆறு மாசமாத் தெரியும். போவாதீங்கன்னா கேப்பீங்களா? அதான் உங்களால முடியாதுன்னு சொன்னேன்."

நான் குனிந்து சட்டையைப் பார்த்தேன்.

"இப்பத்தான் டைம் மிச்சமாயிடுச்சே. டாக்டரு நடக்கச் சொன்னாரில்ல? கெளம்புங்க, கோட்டையில ராஜகிரி உச்சி வரைக்கும் ஏறிட்டு வரலாம்."

"அத்தினி படியா? அப்புறம் பார்க்கலாமே..."

ஜெயக்கொடி என் ஷூவைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள்.

"அப்புறம்னு பட்டனே வெக்கலன்னு நீங்கதான சொன்னீங்க?"