கரடிக்குப் பொட்டு வைத்த கதை

என் மகளுக்கு ஒன்பது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, அவள் எத்தனை கரண்டி கஞ்சி சாப்பிட்டாள், எத்தனை கரண்டியைத் துப்பினாள் என்பதை எக்செல் தாளில் குறித்து வைத்தவள் நான். விழுங்கியதற்குப் பச்சை, துப்பியதற்குச் சிவப்பு. “பாதி விழுங்கி பாதி துப்பினா என்ன கலர்?” என்று என் கணவர் சுரேன் ஒரு நாள் கேட்டார். கேலிக்குத்தான் கேட்டார். நான் உட்கார்ந்து மஞ்சள் நிறத்தைச் சேர்த்தேன்.

இப்படிப்பட்ட ஒருத்தியை நம்பி ஒரு தொழிற்சாலை புதுப் பொருளை ஒப்படைத்தது என்றால், தவறு முழுக்க என்னுடையது மட்டும்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

வேலை பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். பதவி, ப்ராஜெக்ட் மேனேஜர். ஒரு பொருள் யாரோ ஒருவரின் யோசனையாக முளைத்ததிலிருந்து கடைக்குப் போய்ச் சேரும்வரை அதன் பின்னாலேயே ஓட வேண்டும். வரைகிறவர் வேறு, அச்சு வார்க்கிறவர் வேறு, மென்பொருள் எழுதுகிறவர் வேறு. எனக்குச் சொந்தமாகத் தெரிந்த ஒரே தொழில், எல்லாரிடமும் போய் “எப்ப முடியும்?” என்று கேட்பது. அதை மட்டும் மிக நன்றாகச் செய்வேன்.

அந்த வருடத்துப் பொருள் ஒரு கரடி. பழுப்பு நிறம், ஒரு சாண் உயரம், குழந்தையின் கட்டில் பக்கத்தில் வைக்கிற விளக்கு. அறை இருட்டானால் தானாக மெல்ல ஒளிரும்; ஒரு தாலாட்டு மெட்டை முனகும். குழந்தை அழுதால் அழுகையைவிட ஒரு படி கூடுதலாகப் பாடும். வெளிச்சம் வந்தால் தானே வாயை மூடிக்கொள்ளும். அணைக்கப் பொத்தான் கிடையாது. (குழந்தைகள் அமுக்கி விளையாடும், பொத்தானே வேண்டாம் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டி வாதாடியவள் யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய முதல் வாரமே எங்கள் முதலாளி மிஸ்டர் ஊய் கூப்பிட்டார். அவர் பேசுவது ஆங்கிலத்தில். என் மனத்தில் பதிந்தபடி தமிழில் தருகிறேன்.

“கவி, கைக்குழந்தையோட ரொம்பக் கஷ்டம்லா. இந்தக் கரடியை வேற ஆள்கிட்ட குடுத்துடலாமா?”

அன்பாகத்தான் கேட்டார். அன்பாகக் கேட்டதால்தான் எனக்கு ரோஷம் வந்தது.

“வேணாம் பாஸ். நானே முடிச்சுடுவேன்.”

“சரி. மேடம் தியோவுக்குப் பிடிச்சா நீயே தொடரு. பிடிக்கலைன்னா நாம பேசுவோம்.”

மேடம் தியோ, சிங்கப்பூரில் வரிசையாகக் குழந்தைப் பொருள் கடைகள் வைத்திருப்பவர். அறிமுக விழாவுக்கு அவர் நேரில் வருவார். அவர் தலையசைத்தால் முதல் கண்டெய்னர் அன்று மாலையே புறப்படும். அசைக்காவிட்டால் கரடி வேறு ஒருவர் கைக்குப் போகும். நான் பழைய பொருள்களின் கோப்புகளோடு ஒரு மூலையில் உட்காருவேன். “நாம பேசுவோம்” என்று மிஸ்டர் ஊய் சொன்ன எந்தப் பேச்சும் இதுவரை நல்லபடியாக முடிந்ததில்லை.

ஆகவே, என்னென்ன தவறு நடக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். மற்றவர்கள் பத்து எழுதுவார்கள். நான் அறுபத்திரண்டு எழுதினேன். மின்வெட்டு, மழை, பாலத்தில் நெரிசல், மேடம் தியோவுக்குக் கரடி என்றாலே பயமாக இருப்பது, எல்லாம் அதில் இருந்தன.

விழா ஜார்ஜ் டவுனில், ஒரு பழைய கிடங்கைப் புதுப்பித்த மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. மேடை நடுவில் மேசை, மேசைமேல் பூக்கள், பூக்களுக்கு நடுவில் கரடி. அது சாதாரணக் கரடி அல்ல. கோல்டன் சாம்பிள். தயாராகும் ஆயிரக்கணக்கான கரடிகளும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் கையெழுத்திட்டு வைத்த மாதிரி. அதைக் கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்று விதி. விதியை எழுதியது நான்.

“கரடி ரெடி, கவி,” என்றார் நஸீர் அண்ணே. கரடிக்குள் இருக்கும் மென்பொருள் முழுக்க அவர் எழுதியது. பினாங்கில் ‘மாமாக்’ என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு நாளும் குரலை உயர்த்தாதவர். “இனி யாரும் தொடாம இருந்தா போதும்லா.”

நானும் தொடாமல்தான் இருந்தேன். ஒன்பதே முக்கால்வரை.

அதற்குள் விருந்தினர்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் மேடைக்கு அருகில் போய், “ஐயோ, எவ்வளவு அழகு!” என்றார்கள். ஒரு பெண் “கண்ணு எடுக்க முடியல” என்றே சொன்னாள். இதுவரை எத்தனை கண் பட்டிருக்கும் என்று எண்ண ஆரம்பித்தேன். மிஸ்டர் ஊய் காலையிலேயே ஊதுபத்தி ஏற்றி, ஆரஞ்சுப் பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார். தரப் பரிசோதனைப் பகுதியின் ரோஸ்னா அக்கா கண்ணை மூடி துஆ ஓதியிருந்தார். என் பங்குக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லையே!

வீட்டில் மகளை வெளியே தூக்கிப் போகுமுன் வலது கன்னத்தில் மைப்பொட்டு வைக்காமல் நான் படி தாண்டியதில்லை. மைச்சிமிழ் கைப்பையிலேயே இருக்கும். (நான் படித்தவள்தான். பொறியியல் பட்டம் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

பூவைச் சரிசெய்வதுபோல மேடைக்குப் போனேன். கையுறை போட்டுக்கொண்டேன். விதி விதிதான். ஒரு துளி மையைத் தொட்டு, கரடியின் வலது கன்னத்தில், கடுகு அளவுக்கு ஒரு பொட்டு. பழுப்புக் கரடியில் கருப்புப் பொட்டு. இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. அன்று காலையில் முதன்முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது.

பத்து மணிக்கு ரிப்பன் வெட்டுவதற்குப் பதிலாக, கரடியின் அடியில் பேட்டரியைத் தடுத்துக்கொண்டிருந்த நாடாவை மிஸ்டர் ஊய்யும் மேடம் தியோவும் சேர்ந்து இழுத்தார்கள். திட்டப்படி கரடி அமைதியாக இருக்க வேண்டும். மிஸ்டர் ஊய் பத்து நிமிடம் பேசி முடித்ததும் மண்டப விளக்குகளை அணைப்போம், கரடி ஒளிரும், எல்லாரும் “ஆ” என்பார்கள்.

நாடா வெளியே வந்த மறுநொடி, அத்தனை விளக்குகளுக்கும் நடுவில், கரடி பாட ஆரம்பித்தது.

கூட்டம் கைதட்டியது. கைதட்டலை அழுகை என்று எடுத்துக்கொண்ட கரடி சத்தத்தைக் கூட்டியது. மிஸ்டர் ஊய் சிரித்துக்கொண்டே மைக்கில் பேச ஆரம்பித்தார். மைக் சத்தத்துக்கு மேலே கரடி போனது. கரடிக்கு மேலே மிஸ்டர் ஊய் போனார். இரண்டு நிமிடத்தில் அவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார், “இது குழந்தைகளுக்கு நிம்மதியான தூக்கம் தரும்!” என்று.

முன்வரிசையில் ஒரு உண்மையான குழந்தை வீறிட்டு அழுதது. கரடிக்கு அது போதாதா?

நான் மண்டபத்தின் பக்கவாட்டில் மடிக்கணினியோடு இருந்த நஸீர் அண்ணேயிடம் ஓடினேன்.

“அண்ணே, அணைங்க!”

“எதை வச்சு அணைக்கறது? பொத்தானே இல்லையே. நாலு ஸ்குரூ கழட்டணும். அந்த ஸ்குரூ டிரைவர் ஃபேக்டரில இருக்கு.”

“லைட்டை இன்னும் கூட்டச் சொல்லட்டா?”

“எல்லா லைட்டும் போட்டாச்சு. இங்க பாரு, வெளிச்சம் எவ்ளோன்னு கேட்டா பூஜ்யம்னு சொல்லுது. கும்மிருட்டுல இருக்கேன்னு சொல்லுது. சென்சார் செத்துப் போச்சா, இல்ல நான் எழுதின ப்ரோக்ராம் கோடுதான் கோளாறா, ஒண்ணும் புரியல. கன்னத்துச் சென்சார் நேத்துவரைக்கும் நல்லாதானே…”

“கன்னத்துலயா?” என்றேன். “சென்சார் நெத்தியிலதானே அண்ணே?”

“நெத்தியில ஓட்டை இருந்தா துப்பாக்கிக் குண்டு பட்ட மாதிரி இருக்குன்னு வலது கன்னத்துக்கு மாத்தினோமே. பழுப்புப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால, வெளிய தெரியாம. மாத்தலாம்னு கையெழுத்துப் போட்டதே நீதான்.”

நினைவு வந்தது. மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் போனில் போட்ட கையெழுத்து. அப்போது படித்துத்தான் பார்த்தேன். மூன்று முறை. மூன்று முறையும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும்.

கைப்பையிலிருந்து ஈரத் துடைப்பானை எடுத்துக்கொண்டு மறுபடியும் “பூவைச் சரிசெய்ய” மேடையேறினேன். ஒரே இழுப்பில் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. துடைத்தேன். கடுகு அளவு இருந்த பொட்டு, ஐந்து காசு அளவுக்குப் பரந்தது. வியர்த்தாலும் கலையாத மையாக வேண்டும் என்று லிட்டில் இந்தியாவில் நாலு கடை ஏறி இறங்கி, தேடிப் பிடித்து வாங்கியது. கடைக்கார அக்கா பொய் சொல்லவில்லை. கரடி இன்னும் பிரகாசமாக எரிந்தது.

மிஸ்டர் ஊய் மைக்கைக் கீழே வைத்துவிட்டு நஸீர் அண்ணேயை மேடை ஓரத்துக்குக் கூப்பிட்டார். மேடம் தியோ கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்டெய்னரை நிறுத்தச் சொல்லு,” என்றார் மிஸ்டர் ஊய். “எல்லாப் பெட்டியையும் பிரிக்கணும். இது யாரோட தப்பு?”

நஸீர் அண்ணே தரையைப் பார்த்தார். “என் கோடாதான் இருக்கும் பாஸ். நான் பொறுப்பேத்துக்கறேன்.”

நான் வீரமாக முன்னால் வந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் முழுதாக ஐந்து விநாடி வேறு கணக்குப் போட்டேன். சாயங்காலம் கரடியைத் தனியாக எடுத்துப்போய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிடலாம். காரணம் தெரியாத கோளாறு என்று அறிக்கை எழுதலாம். அறிக்கை எழுதுவதில் நான் கெட்டி. கரடியும் என்னிடமே இருக்கும். ஆனால் நஸீர் அண்ணே ஆறு வாரம் உட்கார்ந்து, இல்லாத தவறைத் தேடுவார்.

“பாஸ், அவர் இல்ல. நான்தான்,” என்றேன். கரடியின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கத்த வேண்டியிருந்தது. “நான்தான்! பொட்டு வெச்சேன்!”

மகளுக்குத் தேய்க்க வைத்திருந்த தேங்காய் எண்ணெய்ச் சீசா கைப்பையில் இருந்தது. சேலைத் தலைப்பின் நுனியில் எண்ணெயைத் தொட்டு, கரடியின் கன்னத்தை அழுத்தித் துடைத்தேன். (நாவல்பழ நிறப் பட்டு. கறை இன்னும் இருக்கிறது.) கரடி ஒரு விக்கல்போல நின்று, அடங்கியது. மண்டபத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“எதுக்கு அங்க கறுப்பு வெச்ச?” என்றார் மிஸ்டர் ஊய், கட்டிப்போன குரலில்.

“கண்ணு படாம இருக்க, பாஸ். எல்லாரும் அழகு அழகுன்னு சொன்னாங்க…”

“அழகுன்னு சொல்லணும்னுதான், கவி, விளம்பரக் கம்பெனிக்குக் காசு குடுத்தோம்!”

மேடம் தியோ முதன்முறையாக வாய் திறந்தார். கரடியைக் கையில் வாங்கி, எண்ணெய் மின்னிய கன்னத்தைக் கட்டைவிரலால் மூடினார். கொஞ்ச நேரத்தில் கரடி பாடியது. விரலை எடுத்தார். நின்றது.

“அப்ப வீட்டுல குழந்தை இதுமேல கஞ்சியைப் பூசினா?” என்று கேட்டார்.

அறுபத்திரண்டு ஆபத்து எழுதியவளுக்கு, அதுவும் கஞ்சிக்குத் தனி எக்செல் வைத்திருப்பவளுக்கு, அது தோன்றவே இல்லை.

கண்டெய்னர் அன்று போகவில்லை. ஆறு வாரம் கழித்து, கன்னத்தில் ஒன்று, முதுகில் ஒன்று என இரண்டு சென்சாரோடு கரடி தயாரானது. ஏதாவது ஒன்றின்மேல் வெளிச்சம் பட்டாலே வாயை மூடும். மேடம் தியோ தலையசைத்தார். மிஸ்டர் ஊய் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். கரடி கைவிட்டுப் போகப்போகிறது என்று பேனாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே போனேன்.

“அறுபத்து மூணாவது ஆபத்துன்னு உன் பேரை எழுதிக்க,” என்றார். “கரடி உன்கிட்டயே இருக்கட்டும். நடந்ததைக் கேட்டுட்டு வேற எவனும் அதை எடுத்துக்க மாட்டேங்கறான்.”

இப்போது எங்கள் தொழிற்சாலையில் புதுப் பொருள் எதுவானாலும் அதன் எல்லாப் பக்கத்திலும் மை, கஞ்சி, எண்ணெய் பூசிப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. அதிகாரபூர்வமான படிவத்திலேயே அதன் பெயர் ‘பொட்டு டெஸ்ட்’. ரோஸ்னா அக்கா “பொட்டு டெஸ்ட் சுடா பாஸ்!” என்று, பொருள் தேறிவிட்டதை மலாயில் கூவும்போது, புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னவென்று கேட்பார்கள். நஸீர் அண்ணே என்னைக் காட்டுவார். “இவங்கதான் கண்டுபிடிச்சாங்க. ரொம்ப நல்லவங்க. சாம்பிள் பக்கத்துல மட்டும் விட்றாதீங்க.”

வீட்டில் இன்னும் மோசம். வாஷிங் மெஷின் நின்றாலும், கார் கிளம்பாவிட்டாலும், கெப்பாலா பத்தாஸில் நாத்தனார் வீட்டு விசேஷத்தில் மைக் கீச்சிட்டாலும், மொத்தக் குடும்பமும் என் பக்கம் திரும்பும். சுரேன் நிதானமாகக் கேட்பார்:

“கவி, உண்மையச் சொல்லு. இதுக்கும் வெச்சியா?”

இல்லை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும், வைத்தேனா என்று ஒரு நொடி யோசித்துவிடுகிறேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது அந்த ஒரு நொடிக்குத்தான்.